ட்ரிம், கவாத்து: இரண்டு சொற்களின் வரலாறு

  இலக்கியக் கூட்டத்தில் நாவலைப் பற்றிப் பேசாமல் ஒரு சொல்லைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் ஓர் ஆங்கிலச் சொல். ‘ட்ரிம்’.

நான் வசிப்பது மொன்றியல் தீவின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் கர்க்லாண்டில். கொஸ்ட்கோ கடையில் எண்ணெயிலிருந்து காலுறை வரை எல்லாவற்றிலும் அச்சாகியிருக்கும் கர்க்லாண்ட் இதுவல்ல. அது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது. எங்கள் ஊர் சார்ல்ஸ் எமே கர்க்லாண்ட் என்ற கியூபெக் அரசியல்வாதியின் பெயரைத் தாங்கி 1961இல் நகரமானது. அதே ஆண்டு அவருடைய மகள் மரி கிளேர், கியூபெக் சட்டமன்றத்துக்குத் தெரிவான முதல் பெண் ஆனார். மணமான பெண் கணவனின் கையெழுத்து இல்லாமல் சட்டபூர்வமாக எதையும் செய்ய முடியாது என்ற நிலையை மாற்றிய 1964ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் கொண்டுவந்ததுதான். இந்த ஊரில் பனி உருகியதிலிருந்து அடுத்த பனி விழும் வரை ஓயாமல் கேட்கும் சத்தம் ஒன்று உண்டு. சீடார் வேலியை வெட்டும் இயந்திரத்தின் சத்தம். அந்த இயந்திரத்தின் பெயரே ட்ரிம்மர்.

தமிழிலும் இந்தச் சொல் நன்றாகக் குடியேறிவிட்டது. முடிதிருத்தும் கடையில் ‘கொஞ்சம் ட்ரிம் பண்ணுங்கோ’ என்கிறோம். எதையோ எடுத்துவிடச் சொல்கிறோம். இன்னொரு பக்கம், ‘ஆள் நல்ல ட்ரிம்மாக இருக்கிறார்’ என்கிறோம். அங்கே எதையும் வெட்டவில்லை. அவர் ஒழுங்காக இருக்கிறார், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் இன்னும் வேடிக்கை. நத்தார் மரத்தை ட்ரிம் செய்வது என்றால் கிளையை வெட்டுவதல்ல, மணிகளையும் விளக்குகளையும் தொங்கவிடுவது. வான்கோழி விருந்தின் ட்ரிம்மிங்ஸ் என்றால் பக்கத்தில் வைக்கும் கூடுதல் பதார்த்தங்கள். கார் வாங்கப் போனால் எந்த ட்ரிம் வேண்டும் என்று கேட்பார்கள். தோல் இருக்கையும் திறக்கும் கூரையும் சேரச்சேர விலை ஏறும். ஒரே சொல் சேர்ப்பதையும் குறிக்கிறது, குறைப்பதையும் குறிக்கிறது. இது எப்படி நடந்தது என்று தேடப்போய், கடைசியில் நான் சேர்ந்த இடம் தலவாக்கலை. அந்தப் பாதையை உங்களுக்குச் சொல்கிறேன்.

பழைய ஆங்கிலத்தில் ‘ட்ரும்’ என்று ஓர் உரிச்சொல் இருந்தது. உறுதியான, திடமான என்று பொருள். அதிலிருந்து பிறந்த வினை ‘ட்ரும்மன்’ அல்லது ‘ட்ருமியன்’. உறுதிப்படுத்து, வலுவூட்டு, நிலைநிறுத்து என்பன அதன் பொருள்கள். கத்தரிக்கோலின் வாடையே அதில் இல்லை. 991ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையில், மால்டன் என்ற இடத்தில் வைக்கிங் படையெடுப்பாளர்களுக்கும் உள்ளூர்ப் படைக்கும் சண்டை நடந்தது. அதைப் பாடிய பழைய ஆங்கிலப் பாட்டு ஒன்று, தலையும் வாலும் இல்லாமல் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் பிருட்நொத் என்ற தலைவன் போருக்கு முன் குதிரையில் இருந்தபடியே தன் வீரர்களை வரிசையில் நிறுத்துகிறான். கேடயத்தை எப்படிப் பிடிப்பது, காலை எங்கே ஊன்றுவது என்று சொல்லிக்கொடுக்கிறான். அந்த இடத்தில் வரும் வினை இதே ட்ருமியன்தான். சில நூறு ஆண்டுகள் கழித்து வேலிக்கு வந்துசேரப்போகும் சொல், அங்கே மனிதர்களைத் தோளோடு தோள் நிறுத்திக்கொண்டிருந்தது. அந்தப் போரின் முடிவு உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தலைவன் விழுந்தான். ஒருவன் தலைவனின் குதிரையிலேயே ஏறித் தப்பி ஓடினான். தலைவனே ஓடுகிறான் என்று நினைத்து மற்றவர்களும் ஓட, வரிசை குலைந்தது.

இந்த இடத்தில் ஒரு தமிழ்ச் சொல் உங்கள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அணி. படையின் வரிசையும் அணிதான், நகையும் அணிதான். செய்யுளின் அழகைச் சொல்லும் இலக்கணமும் அணிதான். ‘அணியம்’ என்றால் ஆயத்தம். நெய்தல் கரையில் படகின் முன்பக்கத்துக்கும் அணியம் என்றே பெயர். நிரையாக நிற்பது, தயாராக இருப்பது, அழகாக இருப்பது மூன்றும் ஒன்றுதான் என்று இரண்டு மொழிக்காரரும் தனித்தனியே எண்ணியிருக்கிறார்கள். கிரேக்கரும் அப்படித்தான் எண்ணினார்கள். அவர்களுடைய ‘கொஸ்மொஸ்’ என்ற சொல்லுக்கு ஒழுங்கு என்றும் பொருள், அணிகலன் என்றும் பொருள். அதிலிருந்துதான் பிரபஞ்சத்துக்குப் பெயரும் வந்தது, முகப்பூச்சுக்குக் காஸ்மெடிக் என்ற பெயரும் வந்தது.

ஆனால் தமிழ் ‘அணி’ கடைசிவரை வெட்டப் போகவில்லை. ஆங்கிலச் சொல் போயிற்று.

போன விதத்தைச் சொல்கிறேன். மால்டன் காலத்துக்குப் பிறகு, நோர்மன் ஆட்சிக் காலத்தில், இந்தச் சொல் எழுத்தில் அரிதாகிவிடுகிறது. ஏறக்குறைய நானூறு ஐந்நூறு ஆண்டுகள் புத்தகங்களில் தலைகாட்டுவதே குறைவு. பேச்சில் உயிரோடு இருந்திருக்க வேண்டும். ஏனெனில் 16ஆம் நூற்றாண்டில் திடீரென்று எல்லாப் பக்கமிருந்தும் கிளம்பி வருகிறது. கப்பல்காரர் பாயைக் காற்றுக்கு ஏற்ப இழுத்துக் கட்டுவது, சுமையைச் சரிசமமாக அடுக்குவது, தையற்காரர் சட்டைக்குக் கரை வைப்பது, நாவிதர் தாடியைச் சீராக்குவது, வேலையாள் விளக்கை ஏற்றத் தயாராக்குவது எல்லாவற்றுக்கும் ஒரே சொல். பொதுப்பொருள் ஒன்றுதான்: ஒரு பொருளை அதன் வேலைக்குத் தகுந்த நிலைக்குக் கொண்டுவருதல். சில வேலைகளில் அதற்காகச் சேர்க்க வேண்டியிருந்தது, சில வேலைகளில் வெட்ட வேண்டியிருந்தது. வெட்டுவது வழிமுறை மட்டுமே.

கப்பல் ட்ரிம் பற்றி ஒரு சிறு செய்தி. சரக்குச் சாய்ந்தால் கப்பல் சாயும். நீராவிக் கப்பல் காலத்தில் நிலக்கரியை அறைகளில் பரவலாகத் தள்ளிவிட்டு, உலைக்காரர்களுக்கு அள்ளிக்கொடுக்கும் தொழிலாளர்களுக்கு ட்ரிம்மர் என்றே பெயர். டைட்டானிக்கிலும் அவர்கள் இருந்தார்கள். அரசியலுக்கும் இந்தச் சொல் போயிற்று. 17ஆம் நூற்றாண்டில் கட்சி மாறிமாறிச் சாய்பவர்களை ட்ரிம்மர் என்று திட்டினார்கள். ஹாலிபாக்ஸ் பிரபு ஜோர்ஜ் சவைல் அந்தத் திட்டையே பட்டமாக எடுத்துக்கொண்டு ஒரு துண்டுநூல் எழுதினார். அவருடைய வாதம் எளிமையானது: படகில் சிலர் ஒரு பக்கம் சாய்கிறார்கள், சிலர் மறுபக்கம் சாய்கிறார்கள். நடுவில் நின்று படகு கவிழாமல் பார்ப்பவனைத் திட்டுவது என்ன நியாயம்? நல்ல வாதம்தான். யார் படகில் இருக்கிறார்கள், யாரைக் கரையில் விட்டுவிட்டு வந்தோம் என்ற கேள்வி மட்டும் அதில் வராது. இதை நினைவில் வைத்திருங்கள்.

விளக்குக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி இது. மணமகனுக்காகக் காத்திருந்த பத்துக் கன்னியரின் கதை விவிலியத்தில் மத்தேயு நற்செய்தியில் வருகிறது. அவர்கள் எழுந்து விளக்குகளைத் தயாராக்கும் இடத்தில், 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு ட்ரிம் என்ற வினையைப் போடுகிறது. கிரேக்க மூலத்தில் இருப்பது சற்று முன் சொன்ன கொஸ்மொஸின் வினை. விளக்கைத் தயாராக்க எண்ணெய் ஊற்ற வேண்டும், கருகிய திரியின் நுனியைக் களைய வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் ட்ரிம். காலப்போக்கில் எண்ணெய் மறந்துபோய், திரியைக் கத்தரிப்பது மட்டும் சொல்லில் ஒட்டிக்கொண்டது.

நம் வீட்டில் என்ன செய்தோம்? திரியைத் தூண்டினோம். கருகிய நுனியைத் தட்டிவிட்டு, உள்ளே அமிழ்ந்த திரியை முன்னே தள்ளினோம். அதற்கு ஒரு சிறு குச்சி உண்டு. அதுதான் தூண்டுகோல். இன்று மேடைகளில் ‘என் எழுத்துக்குத் தூண்டுகோலாக இருந்தவர்’ என்று சொல்லும்போது யாருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு நினைவில் வருவதில்லை. கோயில்களில் தொங்கும் தூண்டாமணி விளக்கு, அந்தக் குச்சிக்கே வேலை வைக்காத விளக்கு. எண்ணெய் தானாகவே கீழே இறங்கும். ஒரே வேலையில் ஆங்கிலேயரின் கண் கத்தரிமேல் விழுந்தது, நம்முடைய கண் சுடர்மேல் விழுந்தது. இதை வைத்து நம் பண்பாடு உயர்ந்தது என்று ஒரு பேச்சுப் பேசலாம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அடுத்து நான் சொல்லப்போவது அந்தப் பேச்சுக்கு இடம் தராது.

ட்ரிம்முக்கு ஒரே தமிழ்ச் சொல் தேடினால் கிடைக்காது. தமிழில் ஒவ்வொரு கைத்தொழிலும் தனக்கென்று ஒரு சொல்லை வைத்திருந்தது. கீரையில் தண்டையும் பழுத்த இலையையும் நீக்குவது ஆய்தல். பல்கலைக்கழகத்தில் செய்யும் ஆய்வும் அதே வேர்தான் என்பது முனைவர் பட்டக்காரர்களுக்கு ஓர் ஆறுதல். எழுதுவதற்காகப் பனையோலையின் ஓரத்தைச் சீவிச் சமமாக்குவது வாருதல். நிலத்தையும் திருத்துவோம், பரீட்சைத் தாளையும் திருத்துவோம். யாழ்ப்பாணத்தில் சைக்கிளையும் மணிக்கூட்டையும் திருத்துவோம். இவற்றில் எதுவும் படைவரிசையிலிருந்து கிளம்பி வெட்டுக்கத்தியில் முடிந்த சொல் அல்ல. அப்படி ஒரு பயணம் செய்த சொல் தமிழில் உண்டா என்று தேடியபோதுதான் கவாத்து கிடைத்தது.

தமிழ்நாட்டில் படையின், காவல்துறையின் அணிவகுப்புப் பயிற்சிக்குக் கவாத்து என்று பெயர். கவாத்து மைதானம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அதே தமிழ்நாட்டில் தோட்டக்கலைத் துறை, மல்லிகையையும் முருங்கையையும் திராட்சையையும் எப்போது கவாத்துச் செய்ய வேண்டும் என்று விவசாயிகளுக்குக் குறிப்பு வெளியிடுகிறது. வலம் இடம் என்று கால் மாற்றி நடப்பதற்கும் கிளையை வெட்டுவதற்கும் ஒரே சொல். இது உருது வழியாக வந்த அரபுச் சொல். அரபியில் ‘காயிதா’ என்றால் அடித்தளம், அதனால் விதி. அதன் பன்மை ‘கவாயித்’, விதிகள். மொழியின் விதிகளுக்கும், அதாவது இலக்கணத்துக்கும், அதே பெயர். உருதுவில் அது படைப் பயிற்சியையும் குறித்தது. அங்கிருந்து கும்பனிப் படையின் சிப்பாய்களோடு தமிழுக்கு வந்திருக்க வேண்டும். பயிற்சியிலிருந்து செடிக்கு எப்படித் தாவியது? வரிசையை மீறி நீட்டிக்கொண்டிருப்பதை உள்ளே தள்ளுவதுதான் இரண்டிலும் வேலை என்பது என் எண்ணம். அடித்தளம், விதி, படைவரிசை, வெட்டு. ஆங்கிலத்தில் உறுதி, படைவரிசை, ஆயத்தம், வெட்டு. தொடர்பே இல்லாத இரண்டு சொற்கள் ஒரே வழியில் நடந்திருக்கின்றன.

இந்தச் சொல் மிக அதிகமாகப் புழங்கிய இடம் மைதானமும் அல்ல, மல்லிகைத் தோட்டமும் அல்ல. இலங்கையின் மலையகம். அங்கே அது ‘கவ்வாத்து’.

தென்னிந்தியாவிலிருந்து 1820கள் முதல் கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். தலைமன்னாரில் இறங்கி, காடு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் இறந்தவர்களின் கணக்கு யாரிடமும் முழுமையாக இல்லை. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். கோப்பி செத்தது, தேயிலை பரவியது. மொன்றியலுக்கும் இதில் ஒரு நூலிழைத் தொடர்பு உண்டு. இந்த நகரத்தில் பிறந்த பீற்றர் லார்க்கின் 1892இல் தொடங்கியதுதான் சலாடா தேயிலை. பெட்டியில் அள்ளி விற்ற தேயிலையை ஈயத்தாளில் பொதி செய்து விற்றார். உள்ளே இருந்தது இலங்கைத் தேயிலை. அவர் பின்னாளில் லண்டனில் கனடாவின் உயர் ஸ்தானிகராகவும் ஆனார். கனடாவில் முதலில் குடியேறிய இலங்கைப் பொருள் நாமல்ல, நம் மலையக உறவுகள் கிள்ளிய கொழுந்துதான்.

தோட்டத்தில் காலை தப்புச் சத்தத்தோடு விடியும். ஆட்கள் கூடும் இடத்துக்குப் பெயர் பிரட்டுக்களம். சில தோட்டங்களில் பெரட்டு என்பார்கள். ஆங்கிலப் பரேட் தேய்ந்து அப்படி ஆனது. அங்கே நிரையாக நின்று, பெயர் கூப்பிட்டபின், ஒரு பகுதி ஆண்கள் கவ்வாத்துக்குப் போவார்கள். இதைக் கவனித்தபோது எனக்குக் கொஞ்சம் நேரம் வேறு எதுவும் ஓடவில்லை. விடியலில் பரேட், பகலில் கவாயித். தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் இரண்டு மொழிகளின் படைச் சொற்களால் கட்டப்பட்டிருந்தது. துரைமாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் ஒரு கைநூல் வெளியானது. சின்னத்துரையின் சட்டைப்பைத் தமிழ்க் கையேடு. அதன் தலைப்பு ‘இங்கே வா’. தலைப்பே ஒரு கட்டளை.

வெட்டு செடியோடு நிற்கவில்லை. குறித்த நிறை கொழுந்து எடுக்காவிட்டால் அன்றைக்கு ‘அரைப்பேர்’. பாதி நாள் சம்பளம் என்பதைத் தோட்டத்து மொழி பாதிப் பெயர் என்று சொல்கிறது. பெயரையே நடுவில் வெட்டிப் புத்தகத்தில் போட்டார்கள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் கடன் கணக்கு எழுதிய ‘துண்டு’ வேண்டும். அந்தத் துண்டு முறை 1921 வரை சட்டப்படி இருந்தது.

ஆனால் கவ்வாத்து என்ற வேலையை நேரில் செய்தவர்களிடம் கேட்டால் அவர்கள் கொடுமையைப் பேசுவதில்லை, நுட்பத்தைப் பேசுகிறார்கள். தலவாக்கலைப் பக்கம் பிறந்து இப்போது மொன்றியலில் இருக்கும் நண்பர் ஒருவரின் தகப்பனார் கவ்வாத்துக்காரர். அந்த நண்பரிடமும் புத்தகங்களிலும் கற்றதைச் சொல்கிறேன். தேயிலை செடி அல்ல, மரம். விட்டால் வீட்டுக்கூரைக்கு மேல் வளரும். இடுப்பளவில் தட்டையாக நிறுத்தி வைத்திருப்பது கத்தி. கொழுந்து எடுக்க எடுக்க மட்டம் உயரும், கிளை முடிச்சு விழும், விளைச்சல் குறையும். அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, உயரமான மலையில் நாலைந்து ஆண்டுக்கு ஒருமுறை, இறங்கி வெட்ட வேண்டும். வளைந்த கத்தி. ஒரே வீச்சில், சரிவாக, கிளை பிளவுபடாமல் வெட்ட வேண்டும். பிளந்தால் தண்ணீர் தங்கி அழுகும். வெட்டியபின் செடி கரிக்கட்டை போல நிற்கும். மாதக்கணக்கில் அதிலிருந்து ஒரு கிலோ கொழுந்துகூட வராது.

வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இலையே இல்லாத செடி மறுபடி துளிர்க்க வேண்டுமென்றால் வேரில் மாச்சத்து சேமித்திருக்க வேண்டும். அதனால் பென்சில் பருமனுள்ள வேரை வெட்டி, அதன்மேல் அயடின் விட்டுப் பார்ப்பார்கள். கருநீலமாக மாறினால் வெட்டலாம். மாறாவிட்டால் கொழுந்து எடுப்பதை நிறுத்தி, செடியைச் சில வாரம் ஆறவிட வேண்டும். சில இடங்களில் எல்லாக் கிளையையும் வெட்டுவதும் இல்லை. ஒன்றிரண்டு இலைக்கிளைகளை விட்டுவைப்பார்கள். செடி அவற்றால் மூச்சுவிடும். ஆங்கிலத்தில் அவற்றுக்கு நுரையீரல் கிளைகள் என்றே பெயர். புதுத் துளிர் வந்தபின்தான் அவையும் வெட்டப்படும். இவற்றையெல்லாம் ஆராய்ந்து சொல்ல 1925 முதல் ஒரு தேயிலை ஆராய்ச்சி நிறுவனமே இருக்கிறது, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில். பழைய ஆங்கில ‘ட்ரும்’ என்ற சொல்லின் பொருள், உறுதிப்படுத்துதல், இந்த வேலைக்குள் இன்னும் முழுசாக இருக்கிறது என்று சொல்வேன்.

அதே தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக 1947இல் தெரிவானவர் சி.வி. வேலுப்பிள்ளை. மடக்கும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்தவர், கவிஞர், தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தவர். மலையக இலக்கியம் படிப்பவர்கள் தொடங்க வேண்டிய பெயர். அவருக்கு வாக்களித்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். அடுத்த ஆண்டு, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தீவில் பிறந்தது மட்டும் போதாது. தகப்பன் இங்கே பிறந்தவர் என்றோ, தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத லயத்து வாழ்க்கையில் இதை எதை வைத்துக் காட்டுவது? 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, குடியுரிமை இல்லாதவருக்கு வாக்கு இல்லை என்றானது. இந்த இடத்தில் ‘திருத்தப்பட்டு’ என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவரும் தெரிவாகவில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பெரும்பகுதியினர் வடக்குக் கிழக்கிலிருந்து வந்தவர்கள், என்னைப் போல. நம் பக்கத்துக் கதையையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு நேர்மையாக இராது. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் 1948இல் டி.எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். உள்ளே இருந்து சமநிலைப்படுத்தலாம் என்பது அவர் தரப்பின் நியாயம், ஹாலிபாக்ஸ் பிரபுவின் படகு நியாயம்தான். செல்வநாயகம் முதலானோர் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். பிரிவின் காரணங்களில் முதலில் நிற்பது மலையக மக்களின் குடியுரிமை. வரலாற்றில் இந்தப் பக்கத்தை நாம் கட்சிப் பிரிவின் கதையாகவே படித்தோம். பறிகொடுத்தவர்களின் கதையாகப் படித்தது மிகக் குறைவு.

1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் கணக்கு இது: நாடற்றோர் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து ஆண்டு கழித்து 1974இல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாக, 75,000 வீதம், பிரித்துக்கொண்டார்கள். எண்கள் எவ்வளவு ஒழுங்காக இருக்கின்றன என்று பாருங்கள். வேலி வெட்டியதுபோல. எந்தக் குடும்பம் அந்தப் பக்கம், எந்தப் பிள்ளை இந்தப் பக்கம் என்பது இதில் எங்கும் இல்லை. யாரும் வேரை வெட்டி அயடின் விட்டுப் பார்க்கவில்லை.

எங்கள் கர்க்லாண்டின் கதையை இந்த இடத்தில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். 2002 ஜனவரி 1ஆம் திகதி கியூபெக் அரசு தீவில் இருந்த நகரங்களையெல்லாம் மொன்றியலோடு ஒட்டவைத்தது. கர்க்லாண்டும் போயிற்று. கோபம் கிளம்பியது. 2004 ஜூன் 20ஆம் திகதி ஒவ்வொரு ஊரிலும் வாக்கெடுப்பு நடத்திக் கேட்டார்கள். கர்க்லாண்ட் பிரிய வேண்டும் என்று சொன்னது. 2006 ஜனவரியில் மறுபடி தனி நகரமானது. குப்பை அள்ளுவது யார், பனி தள்ளுவது யார், வரி எவ்வளவு என்பதுதான் பெரும்பாலும் பிரச்சினை. அதற்கே வீடு வீடாகச் சீட்டு அனுப்பி, சம்மதமா என்று கேட்டார்கள். 1964இல் 9,75,000 பேரிடம் எந்தச் சீட்டும் போகவில்லை. இரண்டும் நடந்தது ஒரே நூற்றாண்டின் இரண்டு முனைகளில்கூட இல்லை. இடையில் நாற்பதே ஆண்டுகள்.

இந்தியாவுக்குப் போனவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். பூட்டன் வந்த அதே கடல், எதிர்த் திசையில். தமிழ்நாட்டரசு அவர்களுக்கென்று 1968இல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இன்று அது டான்டீ. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் என்று பல இடங்களில் காடு வெட்டித் தேயிலை வைத்தார்கள். மலையகத்தில் கவ்வாத்து வெட்டிய கை அங்கேயும் கவாத்து வெட்டியது. அரசுக் கோப்புகளில் அவர்களுக்குத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். பலர் பிறந்தது நுவரெலியாவிலும் பதுளையிலும். ஊரார் வைத்த பெயர் வேறு: சிலோன்காரர். இலங்கையில் எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலையை முடிக்கும் சட்டம் 2003இல், 35ஆம் இலக்கமாக, நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வேலுப்பிள்ளை அதைப் பார்க்கவில்லை. அவர் 1984இலேயே காலமாகிவிட்டார்.

நேரம் ஆகிவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் கை காட்டுகிறார்.  மலையகத்தில் பிறந்தவர்கள் யாரேனும் இணைப்பில் இருந்தால், கவ்வாத்துத் தொழிலில் உங்கள் வீட்டில் புழங்கிய வேறு சொற்களைச் சொல்லுங்கள். கத்தியின் பாகங்களுக்கு, வெட்டின் வகைகளுக்கு, வெட்டியபின் செடியை மூடும் குச்சிக்கு என்ன சொன்னீர்கள்? நான் எழுதிவைத்துக்கொள்கிறேன்.